இத்தா அறையில் ஒரு சேர்வர்

இத்தா இருக்கிற பெண் என்னென்ன செய்யக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தர நாற்பது பேர் வந்தார்கள். வெள்ளைதான் உடுக்க வேண்டும். அத்தர் கூடாது, சுர்மா கூடாது, நகை கூடாது. வாசற்படி தாண்டக் கூடாது. மணமுடிக்கக்கூடிய எந்த ஆணின் கண்ணிலும் படக் கூடாது. புருஷன் மௌத்தாகிக் கண்மூடிய நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும். ஒருத்தி வந்து கண்ணாடியைத் துணியால் மூடினாள். இன்னொருத்தி சுவரில் இருந்த கலண்டரைத் திருப்பி மாட்டினாள், அதில் ஆண்பிள்ளையின் படம் இருந்ததாம். பால்மா விளம்பரம் அது, பிள்ளைக்கு ஆறு மாதம்கூட இருக்காது. இத்தனை கெட்டிக்காரிகளில் ஒருத்திக்கும் என் கட்டில் ஓரத்தில், மேசைக்குக் கீழே கிடந்த கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பெட்டிதான் என் புருஷன் முத்தலிபு வீட்டில் வைத்து நடத்திய சேர்வர். போனிலோ கொம்பியூட்டரிலோ ஒரு இணையத்தளத்தைத் திறந்தால் அது எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். மற்றவர்களுடைய தளமெல்லாம் பெரிய கம்பனிகளின் கட்டடங்களிலிருந்து வரும். எங்கள் ஊருடைய தளம் மட்டும் நாங்கள் அகதியாக வந்து குடியேறிய குறிஞ்சிப்பிட்டியில், என் படுக்கையறையிலிருந்து போனது.

எங்கள் ஊர் என்பது மன்னார்க் கரையில் இருந்த கள்ளிக்குடா. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. யுத்தம் முடிந்து இவர் போய்ப் பார்த்தபோது காடுதான் இருந்தது. போய்வந்து ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உப்பளத்தில் நிறுவைக் கிளாக்கர் வேலை பார்த்த மனுசனுக்கு எங்கிருந்துதான் அந்தப் பைத்தியம் பிடித்ததோ, இரண்டு வருடத்தில் தானே படித்துத் தளத்தை எழும்பவிட்டார். வீட்டுக்கு ஒரு பக்கம். வீடு எங்கே இருந்தது, நாலு பக்கமும் யார், கிணறு எந்தப் பக்கம், காணியின் உறுதிப் பத்திரம் இருந்தால் அந்த உறுதியின் படம், இல்லாவிட்டால் இரண்டு அயலவரின் சாட்சி. புத்தளத்தில் இருந்தவர்களும் லண்டனில் இருந்தவர்களும் காணிக் கதை வந்தால் சொல்கிற ஒரே பதில், "தளத்துல இருக்கு."

தளம் இருந்தது சரி, எனக்குத்தான் நிம்மதி இருக்கவில்லை. அறையில் எப்போதும் ஒரு இரைச்சல், எப்போதும் ஒரு சூடு. மின்சாரம் போனால் வீட்டில் விளக்கு இல்லை, பெட்டிக்கு மட்டும் பற்றரி உண்டு. எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். விடிந்தால் அவர் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, அதன் பச்சை வெளிச்சத்தை. "இண்டையோட நானூத்திப் பதிமூணு நாள், நிக்காம ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். எனக்குச் சக்களத்தி இல்லையே என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும்.

ஒருநாள் ஜன்னலைத் திறப்பதற்காக அதை நிறுத்தப் போனேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "இந்தக் கரையில ஓடுற வரைக்கும்தான் இதுக்கு உயிர், ஸும்ரா. சூடு இருக்கிறவரைக்கும் ஈரம் அண்டாது. சோளகக் காத்துல ஆறவிட்டா உப்பு ஏறிரும். உப்பு இரும்பைச் சும்மா விடாது, எனக்குத் தெரியும்." பதினெட்டு வருடம் உப்பளத்தில் தராசு துடைத்தவர், அவருக்குத் தெரியும்தான்.

மாம்புரிச் சந்தியில் றோசமேரி என்று ஒருத்தி போனும் இணையமும் உள்ள கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறாள். கொம்பியூட்டர் திருத்துவதில் அவளுக்கு ஈடு இந்தப் பக்கத்தில் ஆண்களிலும் இல்லை. அவள் எத்தனையோ தரம் சொன்னாள். "நானா, ஒரு கொப்பிய வெளியில எங்கயாவது வைங்க. உங்கட வீட்டுக்கு ஒண்டு நடந்தா என்ன செய்வீங்க?" இவர் சம்மதிக்கவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில் வெளியேறும்போது என் மாமியார் உறுதியும் நகையும் இருந்த டிரங்குப் பெட்டியைப் பக்கத்து ஊரில் தெரிந்த ஒருவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அமானத்தாகக் கொடுத்தார். ஒரு கிழமையில் வந்துவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இருபது வருடம் கழித்துப் போனால் அந்த வீடும் இல்லை, அந்த மனுசரும் இல்லை. அவரையும் யுத்தம் தின்றிருந்தது, யாரைக் குறை சொல்வது? அன்றிலிருந்து இவருக்கு ஒரே வார்த்தைதான். "கள்ளிக்குடா ஆக்கள்ட கடுதாசி இனி இன்னொருத்தன்ட வீட்டுல இருக்காது." இரண்டாவது கொப்பி இருந்தது, ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள், எல்லாம் பதிந்து வைக்கிற இன்னொரு டிஸ்க் தட்டில் இருந்தது.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு பக்கம் எங்கள் குடும்பத்தின் வயிற்றில் அடித்தது. அதைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது.

என் மாமனாருக்குக் கள்ளிக்குடாவில் வீதியோரமாக ஒரு காணி இருந்தது. முழுக் காணிக்கும் அறுபத்தோராம் ஆண்டு உறுதி இருக்கிறது, அது மட்டும் அந்த டிரங்குப் பெட்டிக்குள் போகாமல் தப்பி, எப்படியோ என் கொழுந்தன் நௌஃபரின் கைக்கு வந்து பத்திரமாக இருக்கிறது. ஆனால் எண்பத்தாறில் மாமனார் அந்தக் காணியின் முன்பாதியை, கிணற்றோடு சேர்த்து, பக்கத்து வீட்டு அஹமட் காக்காவுக்கு விற்றுவிட்டார். அந்த விற்பனை உறுதியை வெளியேறும்போது மூட்டையில் வைத்துக் கொண்டுவந்தது அஹமட் காக்காவின் மகள் நஸ்லியா. காக்கா அகதி முகாமில் முதல் வருடமே மௌத்தாகிவிட்டார். இவர் தளம் தொடங்கியபோது நஸ்லியா அந்த உறுதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் பெட்டியில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருட வெள்ளத்தில் நஸ்லியாவின் குடிசைக்குள் இடுப்பளவு தண்ணீர். உறுதி கூழாகிப் போனது. எழுதிய நொத்தாரிசும் உயிரோடு இல்லை, காணிப் பதிவுக் கந்தோரின் புத்தகத்தில் அந்த வருடப் பக்கங்களும் இல்லை. மிச்சம் இருந்தது பெட்டிக்குள் இருந்த படம் ஒன்றுதான். தளத்தில்தானே இருக்கிறது என்று அதை அடித்து எடுத்துவைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

நௌஃபர் அண்ணனோடு சண்டைக்கு வந்தான். "நானா, அந்தப் பக்கத்த எடுத்துருங்க. முழுக் காணியும் நமக்கு வரும்" என்றான். இவர், "வாப்பா வித்தது வித்ததுதான்" என்றார். ஒரு வருடம் இரண்டு பேரும் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில், ஒரே வரிசையில் நின்று தொழுதார்கள், முகம் பார்க்கவில்லை.

நௌஃபர் கெட்டவன் இல்லை. மூன்று பெண்பிள்ளைகள், ஒரு வெங்காயத் தோட்டம், அதுவும் குத்தகை. எனக்கும் ஒரு பெண்பிள்ளை. ஸபீனா கொழும்பில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். கனமூலையிலிருந்து சம்பந்தம் வந்து, பேசி முடித்து, அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு ஒரு வீடு. நாங்கள் இருக்கும் வீட்டைக் கொடுத்தால் நாங்கள் எங்கே போவது? "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன் வைகாசி மாதத்தில் ஒருநாள், காலை பத்து மணிக்கு, உப்பளத்துத் தராசுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். அப்படியே மௌத்து.

ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் அறையில்தான் கிடத்தினார்கள். பெண்கள் நிறைந்து வியர்த்தார்கள். யாரோ மேசை ஃபேன் கொண்டுவந்து, "எங்க பிளக்?" என்று கேட்டார்கள். சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக். நான்தான் குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பற்றரி கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கியது. இரைச்சல் நின்றது. அத்தனை அழுகைக்கு நடுவிலும் அந்த நிசப்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. ஒரு கணம், ஒரேயொரு கணம், எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஃபேனைத் திரும்பக் கொண்டுபோனார்கள். வயரை நான் திரும்பச் செருகவில்லை. கோபம்தான், வேறென்ன. மனுசன் போய்விட்டார், அது மட்டும் எதற்கு ஓட வேண்டும்? ஸபீனா பத்து நாள் லீவு முடிந்து கொழும்புக்குப் போனாள். பிறகு போனில், "உம்மா, தளம் திறக்குதில்லையே" என்று கேட்டாள். "என்னமோ பழுது" என்று சொல்லி வேறு கதைக்குப் போனேன். பொய் அப்படித்தான் தொடங்கியது, ஒன்றும் யோசிக்காமல்.

ஐம்பத்தைந்தாம் நாளோ ஐம்பத்தாறாம் நாளோ நௌஃபர் வந்தான். கொழுந்தன் என்றாலும் அவன் எனக்கு மணமுடிக்கக்கூடிய ஆண். அதனால் ஹோலில் கதிரை போட்டு அறைவாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவன் மனைவி ஜுனைதா பக்கத்து வீட்டிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவருகிறவள், அவள் உள்ளே என் கட்டிலில் இருந்தாள்.

"மதினி, வாற கிழம வியாழன் புத்தளத்துல காணிக் கந்தோர் ஆக்கள்ட நடமாடும் சேவை. கள்ளிக்குடாக் காணி முழுக்க விசாரிச்சு முடிக்கப் போறாங்களாம். உறுதி இருக்கிறவங்க உறுதியோட வரட்டாம்."

"சரி" என்றேன்.

"நானாட பெட்டி ஓடுதா?"

"இல்ல."

"பழுதா?"

ஜுனைதா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"பழுதாவே இருக்கட்டும்" என்றான் நௌஃபர். "அந்த ரூமுக்க நான் வரவும் ஏலாது, ஆரும் வரவும் ஏலாது. நல்லதாப் போச்சு. முழுக் காணியும் வந்தா பாதி ஸபீனாக்கு, நான் எழுதித் தாறன், அல்லாஹ் மேல ஆணை. வித்தா கனமூலையான் கேக்கிற மாதிரி ஒரு வீடு கட்டலாம். நீங்க ஒண்டும் செய்ய வேணாம் மதினி. சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பதுதானே என் வேலை? ஐம்பத்தைந்து நாளாகச் சும்மாதான் இருந்தேன். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் எழுந்து போனபோது கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து நஸ்லியா வந்தாள். வாசலில் ஒரு ஸலாம், அறைக்குள் வந்து எனக்கு ஒரு ஸலாம். போகும்போதும் அப்படித்தான், எனக்கு ஒன்று, வாசலில் வீட்டுக்கு ஒன்று. சின்ன வயதிலிருந்தே அவள் நாலு ஸலாம்காரி. நாங்கள் கேலி செய்தாலும் விடமாட்டாள். இரண்டு மைல் தள்ளி இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பில் இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளை இல்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல் பிடுங்குகிறாள். எனக்கென்று ஒரு பையில் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள்.

"ஸும்ரா ராத்தா, நானாட தளம் திறக்குதில்ல" என்றாள். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம றோசமேரிட கடைக்குப் போய்ப் பாப்பன். இப்ப ரெண்டு மாசமா ஒண்டும் வருதில்ல. வியாழன் விசாரணைக்கு உறுதிட படத்தப் பிரிண்ட் அடிச்சு எடுக்கணும். அந்தப் பெட்டிய ஒருக்காப் போடுவீங்களா?"

வெயிலில் நடந்து வந்த முகம். நெற்றியில் மண். என் கால் கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. பிடுங்கிப் போட்ட அந்த பிளக்தான்.

"பெட்டி பழுது புள்ள" என்றேன். "திருத்துறதுக்கு ஆம்பிள ஒருத்தன் வரணும். நான் இத்தாவுல இருக்கன். எப்பிடி வரவிடுற?"

அவள் முகம் தெளிந்தது. "ஆம்பிள என்னத்துக்கு ராத்தா? நம்மட றோசமேரி இருக்காவே. போன் அடிச்சா பத்து நிமிசத்துல வந்துருவா!"

இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் வாய் யோசித்துக்கொண்டா பேசுகிறது? "அவ நம்மட மார்க்கம் இல்லையே, புள்ள. இத்தாவுல இருக்கக்குள்ள வேத்து மார்க்கத்துப் பொம்பிளயும் ஆம்பிள மாதிரித்தானாம். லெப்பை சொன்ன."

பள்ளிவாசலில் எந்த லெப்பையும் அப்படிச் சொல்லவில்லை. றோசமேரி பெருநாளுக்குப் பெருநாள் என் அடுப்படியில் இருந்து வட்டிலப்பச் சட்டியைச் சுரண்டித் தின்கிறவள். இவர் மௌத்தான அன்று கேட்டுக்கு வெளியே நின்று என்னைவிட அதிகமாக அழுதவள்.

"அப்ப பெட்டியத் தூக்கி வெளியில குடுத்தா?" என்றாள் நஸ்லியா மெதுவாக.

"ஐயோ, அதுல எத்தின வயர்! எல்லாம் அவர் கட்டின. புடுங்கினா இருக்கிறதும் போயிரும்."

மூன்று பொய், ஒரே மூச்சில். அவள் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "ஓம் ராத்தா, இத்தாவ முறிக்கக் கூடாதுதான். உங்களுக்கு என்ன செய்ய ஏலும்" என்றாள். எனக்கு ஒரு ஸலாம் சொன்னாள். வாசலில் நின்று வீட்டுக்கு ஒரு ஸலாம் சொன்னாள். நான் இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் சோளகம் கூரையைப் பிய்த்தது. ஏழரைக்குப் பள்ளிவாசல் முன்னால் வேன்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. கள்ளிக்குடா ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஏறினார்கள், பெருநாளுக்குப் போகிற மாதிரி. நஸ்லியாவும் அதில் ஒன்றில் இருந்திருப்பாள். இப்போது செருகினாலும் பத்து நிமிடத்தில் தளம் வரும் என்று எனக்குத் தெரியும். இவர் ஆயிரம் தரம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன், பிளக்கைச் செருகி ஒரு பட்டனை அமுக்கினால் மிச்சத்தை அதுவே செய்துகொள்ளும். புத்தளத்திலேயே ஒரு கடையில் அடித்து எடுத்துக்கொள்வாள். ஒன்பது மணிக்கும் அப்படி நினைத்தேன். பத்தரைக்கும் நினைத்தேன். நினைக்கும்போதெல்லாம் ஸபீனாவின் முகம் வந்தது, வாப்பா இல்லாத பிள்ளை, வீடு இல்லாத பிள்ளை. நான் எனக்காகவா செய்கிறேன் என்று என்னையே கேட்டேன். மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொன்னபோது எழுந்து தொழுதேன். ஸூரா மறந்து மறந்து வந்தது. அஸருக்குப் பாங்கு சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

பின்னேரம் ஜுனைதா ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தாள். "அவரு தந்துவிட்டாரு, ராத்தா. எல்லாம் சரிவந்துட்டாம்." அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மஸ்கட் மூன்று நாள் மேசையில் கிடந்தது. கடைசியில் எறும்புக்குத்தான் போனது.

எட்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் நஸ்லியா வந்தாள். என் இத்தாவின் எழுபத்திரண்டாம் நாள். ஸலாம் இரண்டையும் சொல்லிவிட்டுப் பாயில் இருந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வாய் இருக்கிறது, நானும் நாலு கதை சொல்லியிருப்பேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"அந்த விசாரணை செஞ்ச கந்தோர் நோனா நல்லவ, ராத்தா. பாவம், எத்தினயோ தரம் கேட்டா, ஒரு போட்டோக் கொப்பியாவது இல்லையா எண்டு. பிறகு 'ஆவணம் இல்லை' எண்டு எழுதிட்டா. நௌஃபர் நானா உறுதியக் காட்டினாரு. முழுக் காணியும் அவங்கட பேருக்குப் போகுது."

நான் என் வெள்ளைச் சேலையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"போனாப் போகட்டும். இருபத்துநாலு வருசம் அது இல்லாமத்தான இருந்தம்? நீங்க இத்தாவுல இருந்த, உங்கள ஆரு குற சொல்லுற? ஒண்டு மட்டும் கேக்கணும், ராத்தா. இத்தா முடிஞ்ச ஒடன அந்தப் பெட்டியத் திருத்தி எடுப்பீங்களா?"

"காணிதான் போச்சே, இனி என்னத்துக்குப் புள்ள?"

"உறுதிட பின்பக்கம் இருக்குதான?" என்றாள். "நானா ரெண்டு பக்கமும் படம் எடுத்தாரு. பின்பக்கத்துல வாப்பா எங்கட பேரெல்லாம் எழுதி இருந்தாரு, ஆர் ஆர் எப்ப பொறந்த எண்டு. என்ட பேருக்கு நேர, 'வியாழன், சுபஹுக்குப் பிறகு, நல்ல மழை' எண்டு இருக்கு. நான் பொறக்கக்குள்ள மழை பெஞ்சிருக்கு, ராத்தா! வாப்பாட கையெழுத்து வேற ஒண்டும் எங்கிட்ட இல்ல. போட்டோவும் இல்ல. அதத்தான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போய்ப் பாத்துட்டு வாற. காணியப் பாக்க இல்ல."

பத்து நிமிடம் அது இது என்று கதைத்துவிட்டு அவள் எழுந்தாள். "இண்டைக்கும் றோசமேரிட கடைக்குத்தான் போறன். திறக்காதெண்டு தெரியும், பழக்கம் விடுதில்ல" என்று சிரித்தாள். எனக்கு ஒன்று, வாசலில் ஒன்று. போய்விட்டாள்.

நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பிளக்கை எடுத்தேன். அதன் பித்தளை முனைகள் பச்சைபிடித்திருந்தன. சேலையால் துடைத்துச் சுவரில் செருகினேன். பட்டனை அமுக்கினேன். காற்றாடி ஒருதரம் முனகிச் சுற்றியது, பச்சை வெளிச்சம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் இருந்த காலத்தில் அந்த வெளிச்சத்தைக் கண்டு நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. பிறகு உள்ளேயிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். யாரோ பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி. மேசையில் இருந்த கொம்பியூட்டர்த் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்து அப்படியே நின்றது. நிறுத்திப் போட்டேன். டக், டக். திரும்பவும் நிறுத்தி, பிஸ்மி சொல்லிப் போட்டேன். அதே இரண்டு வரி.

நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. இவர் மௌத்தான அன்று அழுததற்குப் பிறகு அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

அழுது முடித்து றோசமேரிக்குப் போன் அடித்தேன். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் நஸ்லியா இருந்து வந்தாள். கடையில் நின்றவளை, "வா, ராத்தா பெட்டியப் பாக்கச் சொல்லிட்டா" என்று றோசமேரி சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஸ்கூட்டர் சத்தத்துக்கு ஜுனைதாவும் அடுப்பில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

நஸ்லியா ஸலாம் சொல்லி உள்ளே வந்தாள். றோசமேரி திரைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "அக்கா, நான் உள்ளுக்கு வரலாமா? நான் வரக் கூடாதெண்டு லெப்பை சொன்னதா நஸ்லியா சொன்னா. உங்களுக்குப் பாவம் எண்டா நான் வெளியில நிண்டே சொல்லித்தாறன்."

"வா" என்றேன். "அப்பிடி ஆரும் சொல்லல்ல."

நஸ்லியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு விளங்கியிருக்காது. கொஞ்சம் யோசனைதான் தெரிந்தது.

றோசமேரி தரையில் சப்பணமிட்டு இருந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பளத்துத் தகரக் கொட்டிலின் ஆணிகளில் பூக்குமே, அதே பூ. இரண்டு தட்டுகளையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றைக் காதில் வைத்து மெதுவாக ஆட்டினாள்.

"கடைசியா எப்ப ஓடினது, அக்கா?"

"அவர் மௌத்தான அண்டைக்கு. ஃபேன் போட நான்தான் பிளக்க இழுத்த."

"அதுக்குப் பிறகு போடல்லயா? அப்ப அண்டைக்குப் பழுது இருந்திருக்காது. இது ஆறிக் கிடந்ததால வந்தது. நானா எந்த நாளும் சொல்லுவாரே, ஆறவிடக் கூடாதெண்டு. கொஞ்ச நாளைக்கு முந்திப் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்."

"நான் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த அண்டைக்கு?" என்று கேட்டாள் நஸ்லியா. றோசமேரியிடம்தான் கேட்டாள்.

"அது எப்ப?"

"மூணு கிழம இருக்காது."

"ஓடியிருக்கும் எண்டுதான் நினைக்கிறன்" என்றாள் றோசமேரி. தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

அறையில் நாலு பெண்கள் இருந்தோம். ஜுனைதா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது, பழுது என்றுதான் நினைத்தேன், நான் இத்தாவில் இருந்த பொம்பிளை என்று சொல்ல இன்னமும் இடம் இருந்தது. சொன்னால் நஸ்லியா நம்பியிருப்பாள். நம்புவதற்குத்தான் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழுது எண்டு பொய் சொன்ன, நஸ்லியா" என்றேன். "போட்டுப் பாக்கவே இல்ல. வயர் என்ட காலுக்குக் கீழதான் கிடந்த. ஸபீனாட வீட்டுக்காகச் செஞ்சன். லெப்பை சொன்ன எண்டதும் பொய்."

ஜுனைதா வாயைப் பொத்தினாள். றோசமேரி கையிலிருந்த தட்டைத் துணியில் சுற்றத் தொடங்கினாள், சுற்றிய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நஸ்லியா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. றோசமேரியிடம், "பின்பக்கம் மட்டுமாவது எடுக்க ஏலுமா?" என்றாள்.

"கொழும்புல ஒரு ஆள் இருக்கு. குடுத்துப் பாக்கிறன். எடுக்கலாம் எண்டு சொல்ல மாட்டன், நஸ்லியா."

"சரி" என்றாள். துணியில் சுற்றிய இரண்டு தட்டுகளையும் அவளே வாங்கி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். எனக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். நான் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் வாய் திறக்காமல் திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

வாசலிலாவது சொல்வாள் என்று காது கொடுத்திருந்தேன். வீட்டுக்குச் சொல்கிற ஸலாம், அது எனக்கு இல்லை, வீட்டுக்குத்தானே. செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. காற்று திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜுனைதா வந்து அதை இழுத்து மூடி, ஆண்கள் யாரும் பார்க்காதபடி கிளிப் போட்டுவிட்டுப் போனாள். இத்தா முடிய இன்னும் ஐம்பத்தெட்டு நாள் இருந்தது.